ஒழுகாத தொட்டி

என் மீன் தொட்டி ஒழுகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போகிற எதிலும் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

2019 பொங்கலுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. நான் நான்கு நாள் வீட்டிலேயே இருப்பது வீட்டுக்கு நல்லதில்லை. மகள் மீன் தொட்டி கேட்டிருந்தாள். கடையில் போய் விலை விசாரித்தேன். ஐந்து துண்டு கண்ணாடிக்கும் ஒரு பசைக்கும் இவ்வளவா என்று தோன்றியது. நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவன். அடுத்தவன் லாபம் கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. ரெட்ஹில்ஸ் ரோட்டில் 6 எம்எம் கண்ணாடி வெட்டி வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தேன்.

சிலிக்கான் டியூபைப் பிதுக்கியதும் ஹால் முழுக்கப் புளித்த வாடை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது காயும்போது அசிட்டிக் ஆசிட் வெளிய வரும்மா, வினிகர்ல இருக்கறதும் அதேதான்" என்று விளக்கினேன். "எதுவா இருந்தா என்னடா, ஜன்னலைத் தொற" என்றாள்.

முதல் தடவை ஒழுகியது. (ஒழுகாது என்று சொன்னேனே தவிர, எப்போதிலிருந்து என்று சொல்லவில்லை.) ஒட்டுகிற விளிம்பில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் சிலிக்கான் பிடிக்காது. அன்று பொங்கல். வடை தின்ற கை. இரண்டு நாள் பிளேடால் பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி ஒட்டி, 48 மணி நேரம் யாரையும் கிட்டே விடாமல் காவல் காத்தேன். பிறகு அடியில் செய்தித்தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஓரங்குலம் விட்டு நிரப்பினால் நூறு லிட்டர். காலையில் பார்த்தால் பேப்பர் மொறுமொறுவென்று இருந்தது. கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தொட்டுப் பாருங்க சார்." அவர் கண்ணாடியைத் தொட்டார். "அதில்ல சார், பேப்பரை."

தொட்டியை மேற்கு ஜன்னலோரம் வைத்தேன். சாயங்கால வெயில் தண்ணீருக்குள் புகுந்து எதிர்ச் சுவரில் ஆடும். ஜனவரியில் அது பார்க்க அத்தனை அழகு. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, கண்ணாடியும் கூழாங்கல்லும் தனி. ஒரு தடவை வைத்துவிட்டால் தண்ணீரை இறைத்துக் கொட்டாமல் அரை அடி நகர்த்த முடியாது. இது எனக்குத் தெரியும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி என்பதும் தெரியும். பொங்கல் முடிந்தால் சித்திரை வரும் என்பதும் தெரியாத விஷயமில்லை. மூன்றையும் கூட்டிப் பார்க்கத்தான் தவறிவிட்டேன். கணக்கு பார்க்கிறவன்.

மீன் வாங்கக் கொளத்தூர் போனோம். எங்களுக்கு அது பக்கத்து ஊர். வண்ண மீனுக்குச் சென்னை முழுக்க அங்கேதான் வருகிறது. கடைப் பையன் மகளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "வெயில் வருது சார், மோலி, கப்பி மாதிரி எடுத்துக்கங்க. ஒராண்டா கோல்டு ஃபிஷ்ஷு, அதுக்குக் குளுந்த தண்ணி இருந்தாத்தான் நல்லது" என்றான். மகள் ஏற்கெனவே ஒராண்டா முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தலையில் கொண்டை வைத்தாற்போல் சதை, வாலை ஆட்டுவதற்குள் மூச்சு வாங்குகிற உடம்பு. ஆறு வாங்கினோம். "நாங்க பாத்துக்கறோம் தம்பி" என்று நான் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

மகள் பெயர் வைத்தாள். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர். தினமும் ஆவடி லோக்கலில் பள்ளிக்கூடம் போகிற பெண், வேறென்ன வைப்பாள்.

மார்ச் கடைசியில் ஆறு ஸ்டேஷனும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "அப்பா, என்ன பண்ணுதுங்க?" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "காத்து வாங்குதுங்க" என்றேன். அதோடு விட்டேனா? பனையேறிக் கெண்டை என்று நம்மூரில் ஒரு மீன் உண்டு, அதற்குச் செவுளுக்கு மேலே தனி உறுப்பு இருப்பதால் காற்றையே சுவாசிக்கும், தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது என்று கால் மணி நேரம் பேசினேன். எல்லாம் சரிதான். ஆனால் ஒராண்டாவுக்கு அந்த உறுப்பு கிடையாது. அவை காற்று வாங்கவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கிற இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டுக்கே போகிறது என்பதால், சூடு ஏற ஏற அதற்கு ஆக்சிஜன் தேவை அதிகம். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. எந்தக் கம்பெனி கணக்கில் இப்படி வந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டும். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. நுனியைத் தொட்டியில் விட்டேன். பீப் என்றது. திரையில் 'லோ' என்று வந்தது. அப்பாடா, குறைவாகத்தான் இருக்கிறது என்று துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். ஒரு வாரம் தினமும் பார்த்தேன், தினமும் லோ. டயரியில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் மனிதனுக்காகச் செய்தது. 32 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் அது 'லோ' என்றுதான் சொல்லும். 31 டிகிரியில் வெந்துகொண்டிருந்த மீன்களுக்கு ஒரு வாரமாக நான் நல்ல உடம்பு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெர்மாமீட்டரை இனி எந்த வாயிலும் வைக்க முடியாது என்று மனைவி குப்பையில் போட்டாள். அது தனிக் கணக்கு.

அடுத்தது ஐஸ். ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து வைத்தேன். இடம் போதாமல் கீழ்த்தட்டும் மாறியது, இட்லி மாவு வெளியே வந்தது. "மாவு பொங்கி வழியுது, மீனுக்கு ஊத்தட்டுமா?" என்று மனைவி கேட்டாள். ராத்திரி படுக்கும் முன் ஐந்தையும் மிதக்க விடுவேன். இதற்குள் நிஜமான தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். 31இல் இருந்து சரசரவென்று 26. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். காலையில் பாட்டில்கள் வெறும் தண்ணீராகக் கிடக்கும், மத்தியானத்துக்குள் பழையபடி 31. திரும்ப ஃப்ரீசர், திரும்ப ராத்திரி, திரும்ப 26. எங்கள் ஃப்ரிட்ஜ் இருப்பதும் ஹாலில்தான், தொட்டிக்கு நான்கடி தள்ளி. ஐந்து லிட்டரை உறைய வைக்க அது பகலெல்லாம் உறுமி, பின்பக்கம் தள்ளிய சூடு எங்கே போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரம் மீன்களுக்கு இல்லை. ஐந்தாம் நாளே கொரட்டூர் மேல் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. மறுநாள் அம்பத்தூர். வீடியோ எடுத்துக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினேன். பையன் பார்த்தான். "தண்ணி திடீர் திடீர்னு குளுந்து போச்சா சார்? சூடு மாறி மாறி அடிச்சா மீன் தளர்ந்துடும், இந்தப் புள்ளி அப்பத்தான் ஏறும். கல்லுப்பு போட்டு, ஹீட்டர் போட்டு ஒரே சீரா 30 டிகிரி வெச்சிருங்க, சரியாயிடும்."

"ஹீட்டரா?"

"ஆமா சார்."

"தம்பி, சித்திரை மாசம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "அப்ப நீங்க ஒண்ணும் போட வேணாம் சார். ஐஸ் போடாம இருந்தாப் போதும்."

கொரட்டூரும் அம்பத்தூரும் பிழைக்கவில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனைவி பேசினாள், அது அதைவிடக் கஷ்டம்.

இந்த இடத்தில் ஒழுங்கான மனிதன் அடங்கியிருப்பான். நான் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பெல்டியர் என்று பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் தகடு, கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிடும், மறுபக்கம் கொதிக்கும். கடைக்காரர் "மினி ஃப்ரிட்ஜா சார்?" என்றார். "மீன் தொட்டிக்கு" என்றதும் பக்கத்து கவுண்ட்டர் பையனைக் கூப்பிட்டு, "இவரைப் பாரேன்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு தகடு, அலுமினியப் பெட்டி, கம்ப்யூட்டர் ஃபேன், பவர் சப்ளை, சின்ன மோட்டார். ஒரு ஞாயிறு முழுக்க ஒட்டினேன். தகட்டின் குளிர்ந்த பக்கத்தில் நிஜமாகவே பனி பூத்தது. மகளைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன், அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

சாயங்காலம் முழுக்க ஓடி தொட்டி அரை டிகிரி இறங்கியது. தகடு ஒன்றுக்கு அறுபது வாட் போல இழுத்து, அதையும் தண்ணீரிலிருந்து உறிஞ்சியதையும் சேர்த்து ஹாலுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "இது எதைக் குளுர வைக்குதுடா?" என்றாள். ராத்திரி கரண்ட் போனது. போனால் குளிர்ச்சி நிற்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெல்டியர் அப்படியில்லை. கரண்ட் நின்ற நொடியிலிருந்து அது வெறும் தகடு. கொதித்துக்கொண்டிருந்த பக்கத்துச் சூடு அப்படியே அதன் வழியாகக் குளிர்ந்த பக்கத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் முழுக்கச் சம்பாதித்த அரை டிகிரியில் கொஞ்சத்தைத் தகடே திருப்பிக் கொடுத்தது. மிச்ச வேலையை மேலே இருந்த காங்கிரீட் பார்த்துக்கொண்டது. மத்தியான வெயில் மொட்டை மாடியைக் கடந்து கீழே இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். எங்கள் வீட்டில் உச்சி வெயில் என்பது ராத்திரி எட்டு மணி.

கத்திரி தொடங்கியபோது தொட்டி 33. கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம் மேஜை ஃபேன். மூடியை எடுத்துவிட்டு, தண்ணீரின் மேலே சாய்வாகக் காற்று படும்படி வைப்பது. அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் ஏறக்குறைய 580 கிலோ கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். என் தொட்டிக் கணக்கில் அது ஐந்தரை டிகிரிக்கும் மேல். ஒரு கிலோ ஐஸ் உருகித் தொட்டிச் சூட்டுக்கு வருவதற்குள் எடுப்பது 110தான். அதாவது இட்லி மாவுக்கு இடமில்லாமல் நான் உறைய வைத்த ஐந்து பாட்டிலும் செய்த வேலையை, வெறுமே காணாமல் போகிற ஒரு லிட்டர் செய்துவிடும். இந்தக் கணக்கை ஏப்ரலிலேயே போட்டிருக்கலாம். பேனா என் பாக்கெட்டில்தான் இருந்தது.

ஃபேன் போட்ட முதல் நாள் 29க்கு வந்தது. மறுநாள் காலை பட்டரவாக்கம் தொட்டியில் இல்லை. ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில், எறும்பு வரிசையின் முனையில் இருந்தது. ஒராண்டா குண்டு மீன், அதெங்கே குதிக்கப்போகிறது என்று மூடிக்குப் பதில் எதையும் போடாமல் தூங்கியிருந்தேன். அன்றைக்குக் கொசுவலையை வெட்டிக் கட்டினேன். மகள் சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் மூன்றாவது பெயரையும் அடித்தாள். வில்லிவாக்கத்தை விட்டால் இனி திருமுல்லைவாயில்தான், நடுவில் வண்டி நிற்காது.

ஃபேனுக்கும் ஒரு குணம் உண்டு. காலையில் காற்று வறண்டிருக்கும்போது நன்றாக வேலை செய்யும். மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்து எல்லோரும் "அப்பா, என்ன சுகம்" என்கிற நேரத்தில் தொட்டி சூடேறத் தொடங்கும். ஈரமான காற்றில் தண்ணீர் போக இடமில்லை. கடற்காற்றைத் திட்டுகிற ஒரே சென்னைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஆவியானால் தொட்டி குறையும். தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றியாக வேண்டும். சாதாரண வருஷமாக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா? அது 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் தரை தெரிந்து கிடந்தன. எங்கள் போர் மே மாதத்திலேயே காற்று கக்கியது. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். குளிக்க ஒரு பக்கெட், அந்தத் தண்ணீர் கக்கூசுக்கு, சாப்பிடுவது வாழையிலையில், கழுவ வேண்டாம் என்பதற்காக. அந்த வீட்டில் நான் தினமும் மூன்று லிட்டர் தண்ணீரை வேண்டுமென்றே காற்றில் விட்டுக்கொண்டிருந்தேன். பகலில் செய்ய வெட்கமாக இருந்ததால், எல்லோரும் தூங்கியபின் ராத்திரி பதினோரு மணிக்குக் குடத்திலிருந்து சொம்பால் மொண்டு சத்தமில்லாமல் ஊற்றுவேன். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர் அது. குடத்தில் தண்ணீர் குறைவதற்குக் கீழே வேலைக்கு வருகிற பெண்மேல் சந்தேகம் போனது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பத்தியில் நிஜமாகவே நான் கூசுவது இதற்கு மட்டும்தான்.

அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் குறைவு. ஒரு நாள் சொம்பும் கையுமாகப் பிடிபட்டேன்.

திட்டவில்லை. இருட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "பானைத் தண்ணி ஏண்டா சில்லுனு இருக்கு?"

"வெளிப்பக்கம் கசியுது, அது ஆவியாகும்போது உள்ள இருக்கற சூட்டை எடுத்துக்குது" என்றேன், 580ஐ எங்கே சொருகலாம் என்று பார்த்துக்கொண்டே.

"தெரியுதுல்ல? அப்பறம் ஏன் ஒரு சொட்டு ஒழுகாமக் கட்டி வெச்சுட்டு, ஒழுக வெக்க ஃபேன் போட்டுட்டு உக்காந்திருக்க?"

பொங்கலுக்கு வடை எண்ணெயைச் சுரண்டியதிலிருந்து எல்லாம் கண்முன்னே வந்தது. பதில் சொல்லவில்லை.

மறுநாள் அவளே ரோட்டோரப் பானைக் கடையில் ஒரு மண்தொட்டி வாங்கி வந்தாள், மாட்டுக்குக் கழனி வைக்கிற மாதிரி வாய் அகன்றது. இரண்டு நாள் ஊறப்போட்டு மண்வாடை போக்கி, கிழக்குப் பக்கம் துணி காயப்போடுகிற சின்ன பால்கனியில், வெயில் எட்டாத மூலையில், தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வைத்தாள். மூன்று மீனும் அதற்குப் போயின. மேலே கொசுவலை, அது மட்டும் என் பங்களிப்பு. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 28. தண்ணீர் குறையத்தான் குறைந்தது, என் ஃபேன் குடித்ததில் பாதிகூட இருக்காது. மூன்று வாரத்தில் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்தது. துளைகள் அடைபட்டால் கசிவு நிற்கும், குளிர்ச்சியும் நிற்கும், பானை ஒரு கோடைக்குத்தான் என்று அம்மா சொன்னாள். வாரத்துக்கொரு தடவை தேங்காய் நாரால் தேய்ப்பது என் வேலை ஆனது. முதல் நாள் நான் சோப்பு எடுத்துப் போனதையும், அவள் கையிலிருந்து பிடுங்கியதையும் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன்.

ஜூன் 20 சாயங்காலம் மழை தூறியது. தெருவில் ஆட்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் எங்கள் வில்லிவாக்கம் யார்டுக்கே வந்தது, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். "அப்பா, வில்லிவாக்கத்துக்குத் தண்ணி வந்துடுச்சு" என்று மகள் பால்கனிக்கு ஓடி மீனிடம் சொன்னாள். அந்தத் தண்ணீர் குழாயில் கீழ்ப்பாக்கம் போய்விட்டது என்று நான் திருத்தவில்லை. சில விஷயம் கற்றுக்கொண்டிருந்தேன்.

கண்ணாடித் தொட்டி ஹாலிலேயே இருந்தது, மேற்கு ஜன்னலோரம். மனைவி கூழாங்கல்லை எடுத்துவிட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீரைப் பிடித்து நிரப்பியிருந்தாள். மேலே பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டிருந்தாள். பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க எல்லாம் அதிலிருந்துதான். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் ஒரு பக்கெட் கடன் கேட்டு மேலே வந்தார். மனைவி மொண்டு ஊற்றும்போது சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சிலிக்கான் கோட்டை விரலால் தடவினார்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க சார். எத்தனை குடம் புடிக்கும்?"

"ஆறரை" என்றேன்.